ஆடிக் கடைசியில் ஒரு வழியனுப்பு விழா

கண்டக்டர் கிருஷ்ணமணியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும். இரண்டும் ஓய்ந்தால்தான் கை ஓடும். இன்று ஓய்ந்திருப்பதால் எழுதுகிறேன்.

நாகர்கோவிலுக்கும் குலசேகரத்துக்கும் இடையில் ஓடிய பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஐந்தடி உயரம் என்பார். தொப்பியையும் சேர்த்துச் சொல்கிறார் என்பது எங்கள் கட்சி. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், காது இடுக்கில் ஒரு மைப் பென்சில். தோளில் தொங்கும் தோல்பையில் டிக்கெட்டுக் கட்டுகளோடு ஒரு பஞ்சாங்கமும் இருக்கும்.

அந்தப் பஞ்சாங்கத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்தது. எங்களுக்கு ஆண்டு பிறப்பது ஆவணி ஒன்றாம் தேதி. கொல்லம் ஆண்டுக் கணக்கு. வயல் பாட்டம், தோப்புக் குத்தகை, கடைவாடகைச் சீட்டு எல்லாமே ஆவணியில் தொடங்கி ஆடியில் முடியும். இங்கிலீஷ் தேதி என்பது பள்ளிக்கூடத்துக்கும் தபாலாபீசுக்கும் உரியது. இந்தத் தேதிக்கு அந்தத் தேதி என்ன என்று தெரிய வேண்டுமானால் கிருஷ்ணமணியிடம்தான் கேட்பார்கள். கோர்ட்டு வாய்தா வந்தவர்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள், பேறுகாலக் கணக்குப் போடும் பெண்கள், எல்லாரும் அவர் வண்டியில் ஏறித்தான் சந்தேகம் தீர்த்துக்கொள்வார்கள். பஞ்சாங்கத்தைத் திறக்காமலே சொல்வார். ஒரு தடவையும் தவறியதில்லை. அதனாலேயே மனுஷனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். “எனக்குத் தப்பிப் போச்சு” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து ஒருவரும் கேட்டதில்லை. வண்டி பஞ்சரானால்கூட அது தனக்குக் காலையிலேயே தெரியும் என்பார்.

இரண்டாவது பைத்தியம் பாஸ்கெட் பால். 1947-ல் ஒருநாள் குளத்தங்கரை மைதானத்துக்குப் பக்கத்தில் வண்டியின் ஆக்சில் உடைந்தது. மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். சும்மா இருப்பானேன் என்று உள்ளே போய் மண்ணில் உட்கார்ந்தார். ஆக்சில் அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது, அவர் சரியாகவில்லை. அதற்குப் பிறகு டியூட்டி இல்லாத எந்தச் சாயங்காலமும் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

“அடியில்லாத கூடை. போட்ட ஒடனே பந்து கீழ விழுது. அதுல என்னத்தப் போட்டு என்ன நெறைஞ்சுது இண்ணைக்கு வரைக்கும்?” என்று அவர் மனைவி தாணம்மாள் கேட்பாள். கிருஷ்ணமணி சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்.

மேட்ச் நடந்த மறுநாள் காலையில் அவர் வண்டி போவதைப் பார்க்க வேண்டும். சித்திரங்கோடு நிறுத்தத்தில் இருபது பேர் நிற்பார்கள். ஏறுவதற்கு ஒருவரும் இல்லை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “முப்பத்தெட்டு, முப்பத்தொண்ணு! நமக்குத்தான்! சுந்தரு மட்டும் பத்தொம்பது!” என்று கத்திவிட்டு இரட்டை விசில் கொடுப்பார். ஏறவும் இறங்கவும் ஆளில்லாத இடத்தில் எதற்கு நிறுத்தச் சொன்னாய் என்று டிரைவர் திட்டிக்கொண்டே கியரைப் போடுவார்.

அந்தச் சுந்தரு, சுந்தர்சிங். குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் பிறந்தவன், நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவன். ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். அவன் எகிறினால் கையும் வளையமும் ஒரே உயரத்தில் இருக்கும். பேச்சுதான் வராது. அரிசிக்கு இருந்த மாதிரி அவன் வாய்க்கும் ரேஷன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. ஊரில் ஆபீஸ் வைத்திருந்த கிழக்குமலை ரப்பர் கம்பெனிக்கு ஒரு டீம் இருந்தது. 1126 ஆவணியில், அதாவது 1950-ல், கம்பெனி அவனைக் கிளார்க்காக எடுத்தது. டீமுக்கு மூன்று வருஷம் விளையாட அக்ரிமெண்டும் உண்டு என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். அவன் வந்த பிறகு மைதானத்தில் மண் தெரியாத அளவுக்குக் கூட்டம்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். செல்வதாஸ் என்று பெயர். கடைகளுக்குப் போர்டு எழுதுவது தொழில். இந்தக் கதையில் நடந்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

1128 ஆனி மாதம், அதாவது 1953-ல் ஜூலை முதல் வாரம், திருவனந்தபுரத்து டீமோடு ஃபைனல். மற்ற யாரிடம் தோற்றாலும் எங்களுக்குச் சோறு இறங்கும். அவர்களிடம் தோற்றால் இறங்காது. ஆட்டம் முடியும் நேரத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் நின்றோம். ரெஃபரி ஃபவுல் கொடுத்தார். சுந்தருக்கு ஒரு ஃப்ரீ துரோ. போட்டால் சமம். கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன் அவன். அன்று பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. பிகில் ஊதிவிட்டார்கள்.

அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. எல்லாரும் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனோம். அந்தப் பேசாமையை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆடி பிறந்தது. ஒருநாள் நான் வண்டியில் போகும்போது கிருஷ்ணமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலை மடக்கினார்.

“செல்வதாசு, இருவத்தாறு ஆவணியில சேந்தான். மூணு ஆண்டு. இருவத்தாறு, இருவத்தேழு, இருவத்தெட்டு. இந்த ஆடியோட தீருது மக்கா.”

“நீட்டிக் குடுக்க மாட்டாவளா அண்ணாச்சி?”

“குடுக்கதா இருந்தா இதுக்குள்ள சத்தம் வெளிய வந்திருக்கும். பாட்டத்தைப் புதுப்பிக்கவன் ஆடி பொறந்த ஒடனே வந்து வெத்தில மாத்துவான். இங்க ஒரு அனக்கத்தையும் காணல்ல.”

அதற்கேற்ற மாதிரி, மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஒரு ஆள் வந்து சுந்தர் தங்கியிருந்த அறையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனதைப் பலர் பார்த்தார்கள். அந்த மில்லுக்கும் டீம் உண்டு. போதாதா? தீர்ந்தது என்று முடிவு கட்டிவிட்டோம். கம்பெனியில் காகித வேலையெல்லாம் பார்க்கும் ரைட்டர் டைட்டஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தன் மகளின் பேறுகாலத்துக்காக அவர் ஒரு மாத லீவில் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார். நேராகக் கம்பெனி மானேஜர் துரையிடம் போய்க் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. “கேக்கதுக்கு என்ன இருக்கு? ஆடி முடிஞ்சா அக்ரிமெண்டு முடிஞ்சு. எனக்கறியாத தேதியா?” என்றார் கிருஷ்ணமணி.

அவர் சொன்னால் சொன்னதுதான். அழுதுகொண்டு நிற்பதைவிட மரியாதையாக அனுப்பிவைப்போம் என்று ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு விழா என்று தீர்மானித்தோம். வெளியூர் போகிறவனுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று ஒரு ட்ரங்குப் பெட்டி வாங்கினோம். பச்சைப் பெயிண்ட் அடித்து, மூடியில் மஞ்சள் எழுத்தில் “போய் வருக – நாகர்கோவில் ரசிகர்கள்” என்று எழுதியது நான். எழுத்து நன்றாகவே அமைந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

காய்வதற்காகப் பெட்டி கிருஷ்ணமணி வீட்டு முற்றத்தில் இருந்தது. தாணம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஒரு ஆளுக்குப் பாயும் தலையாணியும் வாங்கிக் குடுத்தா இருன்னு அர்த்தம். பெட்டி வாங்கிக் குடுத்தா என்ன அர்த்தம்?”

“ஒனக்கு வெவரம் இல்ல. பேசாம இரி” என்றார் கிருஷ்ணமணி. விவரம் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

விழாவுக்கு முன்னால் கிருஷ்ணமணி எங்கள் எல்லாரையும் கூட்டி ஒரு உத்தரவு போட்டார். அக்ரிமெண்டு என்ற பேச்சை எவனும் எடுக்கக் கூடாது. வேலை போகிறவனிடம் அதைச் சொல்லிக் காட்டுவது புண்ணில் குத்துவது. நாங்களும் பேச்சைக் காப்பாற்றினோம். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்த ஆளுயர மாலையைச் சுந்தருக்குப் போட கிருஷ்ணமணி ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. ஸ்டூலில் நின்றபடியே பேசினார்.

“மக்கா, நீ எங்களுக்கு வேண்டி ஆடினது போதும். எங்க போனாலும் நல்லா இரி. எங்களுக்கு ஒனக்க மேல ஒரு வருத்தமும் இல்ல.”

சுந்தர் கூட்டத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மூடியில் எழுதியிருந்ததை வாசித்தான். “சரி. ரொம்ப உபகாரம்” என்றான். மாலையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கிருஷ்ணமணி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எவ்வளவு சிறப்பாக நடத்திவிட்டோம் என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டு கலைந்தோம்.

மறுநாள் ஆவணி ஒன்று. 1129 பிறந்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு டயர் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணமணியின் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அப்போது ரைட்டர் டைட்டஸ், லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்தவர், ஒரு கையில் குடையும் மறு கையில் காகிதங்களுமாக வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“என்னவே கிருஷ்ணமணி, ஒரு மாசம் நான் ஊர்ல இல்லேன்னா நீரு என்ன கூத்து காட்டி வச்சிருக்கீரு?”

“என்ன சார்?”

“சுந்தர்சிங்குக்க அக்ரிமெண்டு ஆடியில தீருதுன்னு ஒமக்கு எவன் சொன்னான்?”

“எவன் சொல்லணும்? இருவத்தாறு ஆவணியில சேந்தான்…”

“சேந்தது ஆவணிதான். மொத நாலரை மாசம் சும்மா கிளார்க்கு. அக்ரிமெண்டு போட்டது ஜனவரி ஒண்ணாம் தேதி. துரைக்கு ஆண்டு ஜனவரியிலதான் பொறக்கும். டிசம்பர் முப்பத்தொண்ணு வரை அவன் நம்ம ஆளுவே! அதுக்கு மேலயும் ரெண்டு வருசத்துக்கு நீட்டணும்னு துரை போன மாசமே உத்தரவு போட்டாச்சு. நான் டைப் அடிச்சு வச்சிட்டுத்தான் லீவுல போனேன். இன்னா, துரைக்க ஒப்பு. அவனுக்க ஒப்பு மட்டுந்தான் பாக்கி. இண்ணைக்கு வந்து பாத்தா எனக்க மேசையில இது இருக்கு.”

அது சுந்தர் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம். டைட்டஸ் அதை வாசித்துக் காட்டினார். “என் ஆட்டத்தில் ஊராருக்குத் திருப்தியில்லை என்பதை நேற்று அவர்களே மரியாதையாகத் தெரிவித்துவிட்டார்கள். இனியும் இங்கே இருந்து கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர விரும்பவில்லை. மதுரை மில்லில் சேரப் போகிறேன்.”

கிருஷ்ணமணியின் கையிலிருந்து டிக்கெட்டுக் கட்டு கீழே விழுந்தது. வருஷக் கணக்கில் அவர் கை அதை விட்டதில்லை. என் கையிலிருந்த பிரஷ் வழுக்கி, போர்டில் ‘டயர்’ என்பதன் டவுக்கு ஒரு வால் முளைத்துவிட்டது.

“அம்மையைப் பாத்து சொல்லிட்டு வாறேன்னு காலம்பற வண்டியில ஊருக்குப் போனானாம். சாயங்காலம் திரும்பி வந்து மதுரைக்கு வண்டி ஏறுகானாம்” என்றார் டைட்டஸ். “இந்தக் கடுதாசியைத் துரை இன்னும் பாக்கல்ல. நாளைக்குக் காலத்த பத்து மணி வரை எனக்க டிராயர்ல கெடக்கும். அதுக்குள்ள இந்தப் பேப்பர்ல அவனுக்க ஒப்பு வரணும். வரல்லேன்னா நான் கடுதாசியைக் குடுத்துருவேன். பிறகு எனக்க மேல வருத்தப்படக் கூடாது.”

கிருஷ்ணமணி காகிதத்தை வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். நான் போர்டை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

குலசேகரம் போய்ச் சேரும்வரை அவர் சமாதானங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கம்பெனி ஒழுங்காக வெளியே சொல்லியிருந்தால் இது வருமா? மதுரைக்காரன் வந்திராவிட்டால் இது வருமா? தக்கலை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“செல்வதாசு, நீ மட்டும் ‘போய் வருக’ன்னு எழுதாம இருந்திருந்தா ஒண்ணும் வந்திருக்காது, கேட்டியா?”

எனக்கு வந்ததே கோபம்! “எழுதச் சொன்னது ஆரு? மஞ்சள்ல எழுதுன்னு சொன்னது ஆரு?” என்றேன். வண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து டிக்கெட் போடப் போய்விட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பும் வண்டியில் சுந்தர் ஏறினான். பச்சைப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு முன் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. வண்டி நிறையக் கூட்டம். பின்னால் பலாப்பழ மூட்டைகளோடு கோலப்பன் என்ற விவசாயி.

கிருஷ்ணமணி சுந்தர் பக்கத்தில் போய் நின்று ஆரம்பித்தார். கம்பெனியைச் சொன்னார், மதுரைக்காரனைச் சொன்னார், என்னையும் சொன்னார். கடைசியில் காகிதத்தை எடுத்து நீட்டினார். “அக்ரிமெண்டு டிசம்பர் வரை உண்டுடே. அதுக்கு மேலயும் நீட்டியிருக்காவ. தேதி எப்படியோ மாறிப் போச்சு. நீ போவண்டாம்.”

சுந்தர் காகிதத்தைத் தொடவில்லை. “வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத் தெரியும். அந்த ஒரு பந்து.”

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து கோலப்பன் குரல் கொடுத்தார். “கண்டக்டரே, எனக்க மகளுக்கு ஆவணி இருவத்தெட்டுல கல்யாணம். மிலிட்டரியில இருக்க மகனுக்குக் கடுதாசி போடணும். இங்கிலீஷுக்கு என்ன தேதி வரும்?”

“செப்டம்பர் பதிமூணு, ஞாயித்துக்கெழம” என்றார் கிருஷ்ணமணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். வாய்ப்பழக்கம்.

சுந்தர் தலையை ஆட்டினான். “பாத்தியளா? ஒரு நொடியில சொல்லுகிய. நீங்களா எனக்க தேதியில தப்புவிய? நான் மனசு சடைஞ்சிரக் கூடாதுன்னு சொல்லுகிய அண்ணாச்சி. பந்து வெளிய போன அண்ணைக்கு ஒருத்தரும் எங்கிட்ட பேசல்ல. பிறகு பெட்டி வாங்கித் தந்திய. எனக்கு மனசிலாச்சு.” அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை மொத்தமாக வந்து நான் அதுவரை கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் நிறைந்திருந்தது.

தக்கலை வந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கிருஷ்ணமணி விசில் கொடுக்க மறந்து டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டி வந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அவன் மதுரை வண்டியில் உட்கார்ந்துவிடுவான். பிறகு எங்களுக்கு மைதானத்தில் சாயங்காலம் ஏது, சித்திரங்கோட்டில் இருபது பேர் ஏது?

வில்லுக்குறியில் திடீரென்று நீளமாக ஒரு விசில். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார். கிருஷ்ணமணி நடைவழியில் கிடந்த பலாப்பழ மூட்டை மேல் ஏறி நின்றார். அப்போதுதான் அவர் தலை எல்லாருக்கும் தெரிந்தது.

“எல்லாரும் ஒருக்கா கேளுங்க. இந்தப் பிள்ளைக்க அக்ரிமெண்டு தேதியை நான் தப்பாக் கூட்டினேன். கம்பெனி தப்பில்ல. மதுரைக்காரன் தப்பில்ல. பெட்டியில எழுதினவனும் தப்பில்ல. எனக்குத் தப்பிப் போச்சு. கம்பெனி வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெளங்கியிருக்கும். கேட்டா, கிருஷ்ணமணிக்கு அறியாதுன்னு ஆயிருமேன்னு கேக்கல்ல. இவன் போறானேன்னு சங்கடப்பட்டு நானே இவனைப் போகச் சொல்லிட்டேன்.”

கோலப்பன்தான் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அப்போ எனக்க மகளுக்க கல்யாணம்?”

“அது சரியான தேதிதான்வே! அது தப்பாது!” என்று கிருஷ்ணமணி கத்தினார். மூட்டை உருண்டு, அவரும் உருளப் பார்த்தார். சுந்தர் எட்டிப் பிடித்துக்கொண்டான். வண்டி முழுக்கச் சிரித்தது.

பிடித்த கையை விடாமல் சுந்தர் அவரையே பார்த்தான். “தப்பிப் போச்சுன்னு அண்ணாச்சி சொல்லி இப்பத்தான் கேக்கேன். அப்ப நெசந்தான்” என்றான். பிறகு, “அப்ப அந்தப் பந்து?” என்றான்.

“அது கூடையில கேறல்ல. அதுக்கு இப்ப என்ன? அடுத்தது கேறும், இல்லேன்னா அதுக்கு அடுத்தது. கேறின பந்தை மட்டும் பாக்கவா நாங்க வந்து மண்ணுல இருக்கோம்?”

டிரைவரே மேலே ஏறிப் பெட்டியை இறக்கினார். ரோட்டோரத்தில் அதை மேஜையாக வைத்து, கிருஷ்ணமணியின் மைப் பென்சிலால் சுந்தர் கையெழுத்துப் போட்டான். ஊதாக் கலரில் ஒப்பு. துரை மறுநாள் அதைப் பார்த்து முகம் சுளித்தாராம், டைட்டஸ் சமாளித்துக்கொண்டார். எங்களுக்கு அது எந்தக் கலரில் இருந்தால் என்ன? நான் வில்லுக்குறி ரோட்டில் நின்று குதித்தேன். முப்பது வயசு ஆள் குதிக்கிறானே என்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கோலப்பன் ஒரு பழத்தை அங்கேயே வெட்டி எல்லாருக்கும் சுளை கொடுத்தார். பாஸ்கெட் பால் என்றால் என்னவென்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்றது. “ரெண்டு வருசம்! அம்பத்தஞ்சு டிசம்பர் முப்பத்தொண்ணு வரை சுந்தரு நமக்குத்தான்! நம்ம கணக்குக்கு ஆயிரத்து நூத்தி முப்பத்தொண்ணு மார்கழி பதினாறு! ரைட்டர்கிட்ட கேட்டாச்சு!” சித்திரங்கோட்டில் வெடி போட்டார்கள். தக்கலையில் ஒரு டீக்கடைக்காரர் டிரைவருக்கும் சேர்த்து டீ கொடுத்தார். அன்றிலிருந்து கிருஷ்ணமணி எந்தத் தேதி சொன்னாலும் பின்னால் “எதுக்கும் ஒருக்கா விசாரிச்சுக்கிடுங்க” என்று சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். தாணம்மாளுக்கு அதில்தான் மிகவும் சந்தோஷம்.

பெட்டியைத் திருப்பித் தரச் சுந்தர் மறுத்துவிட்டான். மைதானத்தில் பந்துகளை வைக்க எடுத்துக்கொண்டான். மூடியில் இருந்த “போய்” என்பதன் மேல் மட்டும் பச்சையடிக்கச் சொன்னான். அடித்தேன். பாக்கி இருந்தது “வருக – நாகர்கோவில் ரசிகர்கள்.” வெளியூர் டீம்கள் அதைத் தங்களுக்கு எழுதியதாக நினைத்துச் சந்தோஷப்பட்டன.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் திரும்பவும் திருவனந்தபுரத்து டீம் வந்தது. அந்த ஒரு ஆட்டத்துக்குத் தாணம்மாளும் வந்து கிருஷ்ணமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நம்பினால் நம்புங்கள்: கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால், ஃபவுல், சுந்தர் கையில் பந்து. பந்து வளையத்தில் ஏறியது. ஒரு சுற்று. ஒன்றரைச் சுற்று. வெளியே விழுந்தது.

பிகில். தோற்றோம். சுந்தர் கோட்டில் நின்றபடி தரையைப் பார்த்தான். அவனைச் சுற்றி அதே பேச்சில்லாமை. ஆனியில் இருந்ததே, அதே மாதிரி.

கிருஷ்ணமணி எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நின்றதால் உயரமாகவே தெரிந்தார். கழுத்திலிருந்த விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

“ஏலே! அந்தப் பெட்டியை எடுத்து ஒளிச்சு வையிங்கலே!”

கூட்டம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. திருவனந்தபுரத்துக்காரர்கள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். சுந்தர் தலையை நிமிர்த்தினான். முதலில் தோள் குலுங்கியது, அழுகிறானோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். பந்தைப் பொறுக்கிக்கொண்டு நேராகப் பெட்டியிடம் போனான். மூடியைத் திறந்து, பந்தை உள்ளே வைத்து, மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.